நாற்பத்தொன்றின் கீழ் மூன்று

யாழ்ப்பாண நகரத்துக்குள் இருபத்தெட்டு வருசம் சைக்கிளில் தபால் கொண்டு திரிந்தவன் நான். யார் வளவைப் பிரித்து மகளுக்குச் சீதனமாக எழுதினார்கள் என்பது ஊருக்குத் தெரியவரும் முன்னமே எனக்குத் தெரிந்துவிடும். நேற்றுவரை 41 என்றிருந்த படலைக்குப் பக்கத்தில் 41/1 என்று இன்னொரு படலை முளைத்திருக்கும். பிறகு 41/2. ஆரியகுளத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் கடைசியாக முளைத்த 41/3 என்னுடையது. மாமனாரின் மாமரம் நின்ற இடம்.

இந்த இலக்கத்தைத் தபாற்கந்தோர் கொடுத்ததாகவே பலர் நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பிடித்து, "வீட்டுக்கு ஒரு நம்பர் எடுத்துத் தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் அதை வைத்துக் கடிதம் கொடுத்தோம், அவ்வளவுதான். போட்டது மாநகரசபை, அதுவும் வரி அறவிடுவதற்கு. கடிதத்தில் எழுதுகிற விலாசமே வரிப் புத்தகத்தின் இலக்கம்தான்.

கடதாசியில் ஆதனவரி என்று வரும். எங்கள் வாயில் அது சோலைவரி. வீட்டை வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு என்ன வரும் என்று அரசாங்க மதிப்பீட்டுத் திணைக்களம் ஒரு பெறுமதி போடும். அதில் இத்தனை வீதம் என்று சபை வரி விதிக்கும். முழு வருசக் காசையும் தை 31க்குள், அதாவது ஜனவரி முடிய முன்னம், கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக் கணக்கில் கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். என் மனைவி பொங்கலுக்குச் சர்க்கரை வாங்குகிற அன்றே இதையும் கட்டிவிடுவாள். கட்டாமல் விட்டால் நிலுவையோடு வறாந்துச் செலவும் சேரும். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் பூட்டிய வீடுகளில் இந்தக் கதை அதிகம். படலைக்குள் எறிந்த அறிவித்தல் மழையில் நனைந்து கூழாகிக் கிடக்கும். காணி விற்க வந்து இறங்குகிற அன்றுதான் பழைய கணக்கு முழுவதும் எழும்பும்.

இந்தக் காசு எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. 2024 கார்த்திகையில் ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதுதான் யோசித்தேன். அதுவும் நல்ல எண்ணத்தோடல்ல, யாரைத் திட்டலாம் என்றுதான்.

முதலில் விதானையாரிடம் போனேன். இப்போது கிராம அலுவலர் என்கிறோம், ஆனால் நாக்கு விதானையாரையே கூப்பிடுகிறது. அவர் என் பெயரை வெள்ளப் பதிவில் எழுதிக்கொண்டார். "ஐயா, கான் எங்களுக்குக் கீழ வராது" என்றார். அது உண்மை. விதானையார், பிரதேச செயலகம், கச்சேரி என்பது மத்திய அரசின் ஏணி. பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, வெள்ள நிவாரணம் எல்லாம் அந்தப் பக்கம். ஒழுங்கை, கான், தெருவிளக்கு, குப்பை, சந்தை, கட்டிட அனுமதி, இவை மாநகரசபையின் பக்கம். குழாய்த் தண்ணீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. அந்தப் பெயரில் 'வடிகால்' இருப்பதை நம்பி நான் அங்கேயும் போயிருப்பேன், மனைவி மறித்துவிட்டாள்.

வீதியும் ஒரே ஆளுடையதல்ல. எங்கள் ஒழுங்கை சபைக்குரியது. அது போய் ஏறுகிற பெரிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியது. கண்டி வீதியும் காங்கேசன்துறை வீதியும் அப்படித்தான். இடைத்தரமான சில வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பு. மழைத்தண்ணீருக்கு இந்த எல்லைக்கல் எதுவும் தெரியாது. ஒழுங்கைக் கானிலிருந்து இறங்கிப் பெரிய கானுக்குள் போய், குளத்தில் தங்கி, மிச்சம் கடல்நீரேரிக்குப் போகவேண்டும். கடல்மட்டத்துக்கு மேலே சில மீற்றர் உயரத்தில் கிடக்கிற தட்டை நகரம் இது. ஒரு இடத்தில் நாலு விரல் உயர்ந்தால் போதும், தண்ணீர் திரும்பிப் பார்க்கும்.

சபை உறுப்பினரிடம் சொல்லலாம் என்றால், அந்தக் கார்த்திகையில் உறுப்பினர் என்று ஒருவரே இல்லை. பழைய சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் காசில்லை என்று நின்றுபோனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடையில் இரண்டு வருசத்துக்கு மேல் ஆணையாளரின் நிர்வாகம். இப்போது 27 வட்டாரங்கள், பட்டியலிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்து 45 உறுப்பினர்கள். உங்கள் வட்டாரத்துக்காரர் யார் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. எனக்கு எங்களுடையவரின் மோட்டார் சைக்கிள் சத்தம்கூடத் தெரியும்.

ஆளில்லாமல் கிடப்பது இந்தச் சபைக்குப் புதிதல்ல. 1949இல் மாநகரசபையாக உயர்ந்தது. 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகம் இந்தச் சபையினுடையது. 1998இல் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் மே மாதத்திலும், அடுத்து வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டார்கள். அடுத்த தேர்தல் வர 2009 ஆனது. போரில் நகரமண்டபம் அழிந்துபோக, கந்தோர் நல்லூருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்களில் கான் அடைத்தது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறோம். நல்ல காலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வாய் திறந்த கதைக்கு வருகிறேன். தண்ணீர் வடியாமல் நின்ற மூன்றாம் நாள் 41/2 அக்கா மதிலுக்கு மேலால் தலையைக் காட்டினா.

"தம்பி, கோவிக்காதையுங்கோ. உங்கட படலையடியிலதான் தண்ணி மறிபடுது."

"இல்லை அக்கா, முடக்கில இருக்கிற மதகு அடைச்சுப்போச்சு."

"முடக்கு மட்டும் தண்ணி போனாத்தானே மதகு அடைக்கிறதுக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, ஏற்றி இறக்க வசதி என்று கானுக்கு மேலே நான் கொங்கிறீற் போட்டிருந்தேன். ஒரு அடி அகலக் கானை மூடி, கீழே நாலு அங்குலக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தேன். அனுமதி கேட்கவில்லை. மேசன், "எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்றார், நானும் சரி என்றேன். கானுக்கு மேலே எதைக் கட்டுவதென்றாலும் சபையைக் கேட்கவேண்டும் என்பது, எல்லோருக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த எனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தண்ணீர் நின்றால் ஈரக்கால் மட்டும் பிரச்சினையில்லை. நகரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. வளவின் ஒரு மூலையில் மலசலகூடக் குழி, மறு மூலையில் கிணறு. கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளால் எது எங்கே ஊறும் என்று யாராலும் கோடு கீறிக் காட்டமுடியாது. 41 என்ற ஒரு வளவில் ஒரு குழியும் ஒரு கிணறும் இருந்தன. நாலு வீடானபோது நாலு குழியானது. வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அந்த மழைக்குப் பிறகு மார்கழியில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சில உயிர்கள் போனதையும் கண்டோம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024 ஓகஸ்ட் 2இல் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர். குழாய் வந்த வீட்டுக்கும் குளிக்கவும் தோய்க்கவும் கிணறுதான்.

தை மாதம் வெயில் வந்ததும் அதே மேசனைக் கூப்பிட்டேன். கொங்கிறீற்றை உடைத்தார். உடைத்த கூலி போட்ட கூலியை விடக் கூட. உள்ளே என்ன கிடந்தது என்று ஒழுங்கையே வந்து எட்டிப் பார்த்தது: பனங்கொட்டை, யோகட் கோப்பைகள், ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, பழைய சொப்பிங் பைகள், என் வீட்டு மாவிலை ஒரு கூடை. உக்குகிறதை வேறாகவும் உக்காததை வேறாகவும் கட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். அது கல்லுண்டாய் வெளிக்குப் போகும். கல்லுண்டாய் நகர எல்லைக்கு வெளியே. அங்கே குப்பை மேடு எரிந்து புகை எழும்பும்போது அதைச் சுவாசிக்கிறவர்கள் எங்கள் வரிப் புத்தகத்தில் இல்லாத ஆட்கள்.

இந்தமுறை அனுமதி கேட்டேன். கானின் முழு அகலத்தையும் விட்டு, தூக்கி எடுக்கக்கூடிய இரண்டு பலகைக் கல், ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புக் கொழுக்கி. ஐப்பசி பிறந்ததும் நானும் மகனும் தூக்கி, மண்ணை அள்ளி, திரும்ப வைக்கிறோம். போன ஐப்பசியில் 41/2 அக்காவும் மண்வெட்டியோடு வந்து நின்றா. தன் வாசலைக் காட்டினா. அங்கேயும் ஒரு கொங்கிறீற். கீழே மூன்று அங்குலக் குழாய்.