நண்டுத் தீவனத்தில் கடற்பாசி

அம்பூரிப் பக்கம் மலையிறங்கி வரும் நெய்யாறு பூவாறில் கடலோடு கலக்கிறது. ஆற்று நீரும் உப்பு நீரும் சேரும் இத்தகைய கழிமுகங்கள்தாம் சேற்று நண்டின் வீடு. ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு மணக்கிறது. அந்த நண்டு எதைத் தின்று வளர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. பண்ணை நண்டானால் கேட்கத்தான் வேண்டும்.

சட்டை உரித்த நண்டின் ஓட்டுக்குள் சதையை விடத் தண்ணீரே அதிகம். சந்தையில் விலை போகாத இதை வாங்கிக் கூண்டிலோ குட்டையிலோ விட்டு மூன்று, நான்கு வாரம் தீனி போட்டால் சதை பிடித்துக் கனத்துவிடும். பிறகு உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறும்! தீனி பெரும்பாலும் கழிசல் மீன். நாளொன்றுக்கு நண்டின் எடையில் 5 முதல் 10 சதவீதம். கழிசல் என்று பெயரே தவிர, வளர்ந்தால் நல்ல விலை போகக்கூடிய மீன் குஞ்சுகளும் அதில் கிடக்கும். தின்றது போக மிஞ்சியது அழுகிக் குட்டை நீரையும் கெடுக்கிறது. ஆகவே காய்ந்த குச்சித் தீவனம் தேவைப்படுகிறது. கடற்பாசிக்கு வேலை வருவது இங்கேதான்.

கடற்பாசிக்குப் பேர்போன இடம் ராமநாதபுரம் கரை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை எனப் பிரித்துச் சேகரிப்பார்கள். நோன்புக் காலத்தில் இஸ்லாமிய வீடுகளில் பாலூற்றிக் காய்ச்சி உறைய வைக்கும் 'கடல்பாசி' இனிப்புக்கு மூலம் இதுவே.

மீனுக்குப் பதிலாகப் பாசியையே போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நண்டு சிப்பி, நத்தை தின்னும் பிராணி; அதன் தீவனத்தில் 40 சதவீத அளவுக்குப் புரதம் வேண்டும். காய்ந்த கட்டக்கோரையில் பத்து சதவீதம் இருந்தாலே பெரிது. சாம்பல் சத்தோ மிக அதிகம். கொலஸ்ட்ராலையும் நண்டு தானே உண்டாக்கிக்கொள்ளாது. மீன் தூள், இறால் தலைத் தூள், கணவாய்த் தூள் இல்லாமல் ஆகாது.

பாசியின் உண்மையான பயன் வேறு. மீன் தீனியை ஒரே வாயில் விழுங்கும். நண்டோ கொடுக்கால் பிடித்து, பிய்த்து, ஆற அமரத் தின்னும். குச்சி அதற்குள் கரைந்தால் போட்ட காசு தண்ணீரில் போயிற்று. இனிப்பை உறைய வைக்கும் அதே பசைத்தன்மைதான் குச்சியையும் சில மணி நேரம் உதிராமல் பிடித்து வைக்கிறது. அத்துடன் அயோடின், மெக்னீசியம் போன்ற தாதுக்களும், வெந்ததும் ஓடு சிவக்கக் காரணமான நிறச்சத்துக்கு மூலப்பொருளும் கிடைக்கின்றன. அந்த நிறச்சத்தையும் நண்டு வெறுமனே உண்டாக்க முடியாது. தீனி வழியேதான் வர வேண்டும்.

எனவே நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் சேர்த்துப் பார்ப்பதே சரி என்பேன். மணலும் உப்பும் போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மாவாக அரைக்க வேண்டும்.

எந்தப் பாசி என்பதும் முக்கியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அங்கே பாசி எடுக்கத் தடை வந்ததில் அந்தப் பெண்களின் பிழைப்பு சுருங்கியது. தீவன ஆலைகளுக்காகக் காட்டுப்பாசியை அறுத்துத் தள்ளினால் மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் போகும். 2000க்குப் பின் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. அதையும் பவளப்பாறைக்கு அருகில் வளர்க்கக் கூடாது; 2008இல் குருசடைத் தீவருகே பவளத்தின் மீது அது படர்ந்தது பதிவாகியிருக்கிறது.