நம்பிக்கை நிலையம்
நம்பிக்கை நிலையம் என்பது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக இயங்கும் பிரிவாகும். மனநல மையம் 1957-இல் தொடங்கப்பட்டது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவது அதன் வழக்கம். இப்பிரிவிலும் குழந்தையுடன் தங்கும் பெற்றோர், உண்ணவும் உடுத்தவும் பேசவும் கற்பிக்கும் முறைகளைப் பயில்கின்றனர். ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பாராட்டிப் பழக்குவது அவற்றுள் ஒன்று. சட்டை அணிவதில், முதலில் கையை நுழைப்பது மட்டுமே பாடமாகலாம்.

மாதனூர், ஆம்பூர் வட்டாரத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் கூலிக்கு உழைக்கும் பெற்றோருக்கு, குழந்தையுடன் தங்கும் நாள்கள் வருமானம் இழக்கும் நாள்களாகும். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஊட்டிவிடுவது எளிது. குழந்தை தானே ஒரு கவளம் எடுக்கும்வரை காத்திருப்பது கடினம். அந்தக் காத்திருப்பே குழந்தையைத் தன் காலில் நிற்கச் செய்யும் பாசமாகும்.