செயற்கை நுண்ணறிவு நிரப்பும் சீட்டு: மூன்று மா, மூன்று எக்டர் ஆகலாமா?

கைப்பேசியில் தமிழில் பேசினால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. பிரதமர் கிசான் திட்டத் தவணை பற்றிய ஐயங்களைத் தீர்க்க ‘கிசான் இ-மித்ரா’ என்னும் உரையாடல் வசதி 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு வகை வேலை. உரத்துக்கு முன்பதிவு செய்வது, சொட்டுநீர் வால்வைத் திறப்பது, காப்பீட்டு மனுவை அனுப்புவது வேறு வகை. பதில் தவறானால் இன்னொருவரைக் கேட்டுத் திருத்திக் கொள்ளலாம். வயலில் இட்ட யூரியாவைத் திரும்ப அள்ள முடியாது.

செயற்கை நுண்ணறிவு மோட்டாரைத் தானே தொடுவதில்லை. மோட்டாரை இயக்க வேறொரு மென்பொருள் இருக்கிறது. அதை அமைப்பவர், கூட்டுறவுச் சங்கக் கடன் மனுவைப் போல, கட்டங்கள் போட்ட வெற்றுப் படிவம் ஒன்றை முன்கூட்டியே தயாரித்து நுண்ணறிவிடம் கொடுத்து வைக்கிறார். நாம் பேசுவதைக் கேட்டு அது கட்டங்களை நிரப்புகிறது. நிரப்பிய சீட்டை மென்பொருள் சரிபார்த்து வேலையைச் செய்கிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இந்த வசதியை மென்பொருள் அமைப்பவர்களுக்கு அளித்தது. பலவகை மென்பொருள்களுடன் இணைவதற்கான பொது முறை ஒன்றை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. எந்த முறையானாலும் அடிப்படை அந்தப் படிவந்தான்.

படிவம் பிசகினால் என்ன ஆகும்? தஞ்சைப் பகுதி உழவர் ஒருவர், “என் மூணு மா குறுவைக்கு மேலுரம் போட யூரியா வேணும்” என்று கேட்பதாகக் கொள்வோம். படிவத்தில் ‘பரப்பு’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால், அதில் 3 என்று விழும். மூன்று மா என்பது சுமார் ஓர் ஏக்கர். குறுவை நெல்லுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்தை நான்கு தவணையாகப் பிரித்தால், தவணைக்கு 37.5 கிலோ. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து இருப்பதால் எக்டருக்கு 81.5 கிலோ யூரியா. ஓர் ஏக்கருக்கு 33 கிலோ போதும். மென்பொருள் அந்த 3-ஐ ஏக்கராகக் கொண்டால் 99 கிலோ, எக்டராகக் கொண்டால் சுமார் 245 கிலோ! அவ்வளவையும் இட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் வரும். கதிர் முற்றும்போது பயிர் சாயும்.

ஆகவே பரப்புக்கு இரண்டு கட்டம் வேண்டும். ஒன்று எண்ணுக்கு. மற்றொன்று அலகுக்கு, அதில் மா, சென்ட், ஏக்கர், எக்டர் ஆகியவற்றுள் ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கை நுண்ணறிவிடம் விடாமல் மென்பொருளே போட வேண்டும். மூட்டைக் கணக்கும் இப்படித்தான். 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ ஆயிற்று; டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. ‘இரண்டு மூட்டை’ என்றால் எத்தனை கிலோ என்பது உரத்தின் பெயரைப் பொறுத்தது. ஏக்கருக்கு ஒரு தவணையில் இத்தனை கிலோவுக்கு மேல் போனால் சீட்டைத் திருப்பி அனுப்பு என்ற உச்சவரம்பும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

புல எண்ணில் இன்னொரு தொல்லை. 12/3 என்ற உட்பிரிவைச் சில மென்பொருள்கள் தேதியாக மாற்றிவிடும். அறிவியலாருக்கே இந்தத் தொல்லை உண்டு. கணக்குத்தாள் மென்பொருள் மரபணுக்களின் பெயர்களைத் தேதிகளாக மாற்றி வந்ததால், சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டதாக 2020-இல் அறிவித்தார்கள். நாம் நிலத்தின் எண்ணை மாற்ற முடியுமா? புல எண்ணை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும்படி படிவத்தில் குறிக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எல்லாக் கட்டங்களையும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று படிவம் சொன்னால், நாம் சொல்லாததையும் நுண்ணறிவு ஊகித்து நிரப்பக்கூடும். விதைத்த தேதியைச் சொல்ல மறந்தால், அதுவாக ஒரு தேதியை எழுதிவிடும். படிவத்தை மீறாமல் நிரப்ப வைக்கும் ஏற்பாடும் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆனால் தேதிக் கட்டத்தில் தேதி இருக்கும் என்பதற்குத்தான் அது பொறுப்பு. அது நாம் விதைத்த தேதிதானா என்று அதற்குத் தெரியாது. காப்பீட்டு மனுவில் இப்படி ஒரு தேதி போய்விட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். என் கருத்தில், முக்கியமான ஒவ்வொரு கட்டத்திலும் ‘தெரியவில்லை’ என்று எழுத இடம் விட வேண்டும். அப்படி எழுதப்பட்டால் மென்பொருள் வேலையை நிறுத்தி, உழவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இத்தகைய மென்பொருளை வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்கலாம். பார்ப்பதற்கு ஒரு படிவம், செய்வதற்கு வேறு படிவம் என்று பிரித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மண்ணின் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை. வால்வைத் திறக்குமுன், “2-ஆம் வால்வு, 30 நிமிடம், சரியா?” என்று அது வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் அவசரப்பட்டு ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணையும் அலகையும் ஒருமுறை காதால் கேளுங்கள்.

சிக்னல் அறுந்தால் ஒரே சீட்டு இரண்டு முறை போவதும் உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் இருந்தால், அதே எண் மறுபடி வரும்போது மென்பொருள் அதைத் தள்ளிவிடும். மோட்டார் நிற்க வேண்டிய நேரமும் கைப்பேசியை நம்பியிராமல், வயலில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே பதிவாக வேண்டும். வாங்குமுன், மோட்டாரை 10 நிமிடத்துக்கு ஓட்டச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்து வையுங்கள். மோட்டார் தானாக நிற்கிறதா என்று கிணற்றடியில் நின்று பாருங்கள்.