ரேடியேட்டரும் வளவும்

சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கும் இயக்கமே வெப்பச்சலனம். குளிர்நாடுகளில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரைச் சன்னலின் கீழே பொருத்துவது, கண்ணாடியிலிருந்து வழிந்திறங்கும் குளிர்காற்றை அங்கேயே சூடாக்கி எழுப்பிவிடுவதற்காகவே. மார்கழியிலும் கணப்புத் தேவைப்படாத செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் சிக்கல் நேர்மாறானது. அங்குள்ள நகரத்தார் வீடுகளில் வளவு எனப்படும் திறந்த நடுமுற்றம், வெயிலேறிச் சூடான காற்றை வானத்துக்கு விட்டுவிட, அவ்விடத்தை நிரப்பச் சுற்றுத் தாழ்வாரத்து நிழற்காற்று தூண்களுக்கிடையே நகர்ந்து வருகிறது. முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பது அழகுக்காக என்பதைவிடக் காற்றோட்டத்துக்காக என்பதே பொருத்தம். சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துப் பூசிய தடித்த செங்கற்சுவர், பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுவதால், உச்சிவெயிலிலும் அதன் உட்புறத்தில் கைவைத்தால் குளுமை தட்டுப்படும்.