பாதுகாப்புச் சுரங்கத்தின் நாடி

வங்கியொன்றின் கிளைக் காரியாலயத்திலே இலிகிதர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமைக் காரியாலயத்துக் கணினியை அவர் அழைத்ததும், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை உடனே தோன்றுகிறது. அவற்றைக் கொடுத்த பின்னரோ, கணக்கு விபரங்கள் வரவேண்டிய இடத்தில் வெறுந் திரையே நிற்கிறது. ஐந்து நிமிடம் கழிந்தும் அதே நிலைதான். தொழினுட்பப் பகுதியினரை வினவினால், "இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது" என்று விடை வருகிறது. இருவர் கூறுவதும் உண்மையே. உயிரோடிருப்பது வேறு, நலமாயிருப்பது வேறு என்பதை மருத்துவர் அறிவார். வலையமைப்பைக் காப்போரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்விரு காரியாலயங்களையும் இணைப்பது பாதுகாப்புச் சுரங்கம் எனப்படும் ஏற்பாடாகும். இணையம் எல்லோருக்கும் பொதுவான தெரு. அதன் வழியே செல்லும் செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்கின்றன. வழியில் உள்ளோர் அவற்றைப் பிரித்துப் பார்த்தலும் கூடும். ஆகவே ஒவ்வொரு பொதியையும் மறைகுறியாக்கி, இன்னோர் உறைக்குள் இட்டு, அவ்வுறையின் மேல் சுரங்கத்தின் மறுவாயிலின் முகவரியை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். மறுவாயிலில் உள்ள கருவி வெளியுறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை உரியவரிடம் சேர்ப்பிக்கிறது. நிலத்தைத் தோண்டிய சுரங்கம் அன்று இது. உறைக்குள் உறை, அவ்வளவே. ஐபிசெக் எனும் முறை இதற்கென 1995 ஆம் ஆண்டில் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. அதனிலும் எளிதான வயர்காட் எனும் முறை 2020 ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்குதளத்தின் கருவோடு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது காரியாலயங்கள் வீடுகளுக்குள் புகுந்தமையால், அதுவரை சிலருக்கே பழக்கமாயிருந்த இச்சுரங்கங்கள் கோடிக்கணக்கானோரின் அன்றாட வழியாயின.

சுரங்கம் தன் உள்ளடக்கத்தை மறைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. ஆனால் அது தன் நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிவன எல்லாம் ஒரே நிறமுள்ள உறைகளே. அவற்றுள் எது தொலைபேசி உரையாடல், எது பெருங் கோப்பு, எது இரண்டாம் முறையாக அனுப்பப்பட்ட பொதி என்று பிரித்தறிய இயலாது. எனவேதான் சுரங்கத்தின் நாடியைப் பார்ப்பதற்குத் தனியான கலை வேண்டியிருக்கிறது.

நாடி பார்க்கும் கருவிகளுள் மூத்தது பிங் என்பது. அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றிலே பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, இதுவும் ஒரு சிறு பொதியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. பெயரும் அவ்வொலியிலிருந்தே வந்தது. போய்வரும் நேரத்தை அளப்பதில் ஒரு வசதியுண்டு: ஒரே கடிகாரம் போதும். ஒருவழி நேரத்தை மட்டும் அளக்க வேண்டின், இரு முனைகளிலும் உள்ள கடிகாரங்கள் துல்லியமாக ஒத்திருத்தல் வேண்டும். அது எளிதான காரியம் அன்று.

கிடைத்த நேரத்தை எதனோடு ஒப்பிடுவது? இங்கே இயற்கையே ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. கண்ணாடி இழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே 1,000 கிலோமீற்றர் நீளமான இழையில் போய்வருவதற்குக் குறைந்தது 10 மில்லிசெக்கன் வேண்டும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது குறையாது. தூரத்துக்குரிய நேரத்தைக் கழித்துவிட்டு, எஞ்சியிருப்பதைப் பார்ப்பதே அறிவுடைமை. அந்த எச்சத்திலேதான் வழியிலுள்ள நெரிசலும், சுற்றுவழியும், மறைகுறியாக்கும் கருவியின் களைப்பும் அடங்கியிருக்கின்றன.

தாமதம் ஒரே அளவாயிருந்தால் மனிதர் அதற்குப் பழகிக்கொள்வர். அது நொடிக்கு நொடி மாறுவதே உரையாடலைச் சிதைப்பது. குரல் ஒருவழியாகச் செல்ல 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருப்பது நல்லதென்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துள்ளது. எனினும் 40 மில்லிசெக்கனுக்கும் 140 மில்லிசெக்கனுக்கும் இடையே ஊசலாடும் சுரங்கத்தைவிட, 120 இல் நிலைத்து நிற்கும் சுரங்கமே பேசுவோருக்கு உகந்தது. சராசரியை மட்டும் எழுதிவைப்போர் இவ்வேறுபாட்டைக் காணமாட்டார்.

சராசரி வேறு வகையிலும் ஏமாற்றும். பல இடங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையே கணக்கெடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் என்பது 300 செக்கன். அதனுள் 10 செக்கன் சுரங்கம் நிரம்பி வழிந்து, ஏனைய நேரம் வெறுமையாயிருந்தால், ஏட்டிலே பதிவாவது ஏறத்தாழ 3 வீதப் பாவனை! அந்தப் பத்துச் செக்கனிலே பொதிகள் பல வீழ்ந்திருக்கும். மறைகுறியாக்கும் கணினியின் மூளையும் இவ்வாறே. எட்டுப் பகுதிகள் கொண்ட மூளையில், ஒரு சுரங்கத்தின் வேலை முழுவதும் ஒரே பகுதியின் மேல் விழுந்து அது மூச்சுத் திணறும்போதும், மொத்தக் கணக்கு 12 அல்லது 13 வீதம் என்றே காட்டும்.

இனி, வங்கியின் இலிகிதருக்கு நேர்ந்தது என்ன? அதன் காரணம் உறையின் பருமனில் இருக்கிறது. ஈதர்நெற் எனும் வலையமைப்பு முறையில் ஒரு பொதி 1500 பைற்றுக்கு மேற்படலாகாது. சுரங்கமோ ஒவ்வொரு பொதிக்கும் இன்னோர் உறையைச் சேர்க்கிறது. அந்த உறைக்கும் இடம் வேண்டும்; வயர்காட் முறையில் அது 60 முதல் 80 பைற்று வரையாகும். 1500 பைற்று நிறைந்த பொதிக்கு மேலுறை இட்டால், அது தெருவின் வாயிலுக்குள் நுழையாது. இதனாலேயே வயர்காட் தன் உட்பொதிகளைப் பொதுவாக 1420 பைற்றோடு நிறுத்திக்கொள்கிறது.

வாயிலில் நுழையாத பொதியைக் கண்ட கருவி, "இது பெரிது, சிறிதாக்கி அனுப்புக" என்று அனுப்பியவருக்கு அறிவித்தல் வேண்டும். 1990 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஏற்பாடு இது; செம்மையாக நடந்தால் எவருக்கும் எவ்விதத் தொல்லையுமில்லை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் இவ்வறிவித்தல்களையே தடுத்துவிடுகின்ற காவற்கருவிகள் பல உள. அப்போது பெரிய பொதி வழியில் வீசப்படுகிறது. வீசப்பட்ட செய்தியும் திரும்புவதில்லை. அனுப்பிய கணினி, பொதி தொலைந்ததென்றெண்ணி, அதே பருமனில் மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. அம்முயற்சிகள் அனைத்தும் வீணே. கிணற்றில் விழுந்த கல்லுக்குச் சத்தமாவது உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

இலிகிதரின் முதலழைப்பும் கடவுச்சொல்லும் சிறு பொதிகள். அவை தாராளமாகச் சென்றன. கணக்கு விபரங்கள் பெரும் பொதிகளில் வந்தன, அவை வீழ்ந்தன. பச்சை விளக்கை எரியச்செய்யும் சோதனைப் பொதியோ மிகச் சிறியது. விண்டோஸ் கணினியில் பிங் தானாக அனுப்புவது 32 பைற்றுச் செய்தியே. சிறுவன் நுழைகிறான் என்பதைக் கண்டு யானையும் நுழையும் என்று கொள்வதற்கு ஒப்பானது இச்சோதனை. ஆகவே சோதனைப் பொதியும் பல பருமன்களில் செல்லுதல் வேண்டும். வழியில் எவரும் அதனைப் பிளக்கலாகாது என்ற குறிப்போடும் செல்லுதல் வேண்டும். எந்தப் பருமன்வரை விடை வருகிறது, எதற்குமேல் மௌனம் தொடங்குகிறது என்று பார்த்தால், சுரங்கத்தின் உண்மையான அகலம் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அதன்பின், கணினிகள் உரையாடலைத் தொடங்கும்போதே பொதியின் பருமனைக் குறைத்துப் பேசிக்கொள்ளுமாறு சுரங்க வாயிலில் ஒரு கட்டளை இட்டால் போதும்.

அளவீட்டில் இன்னொரு விதியும் உண்டு. சுரங்கத்துக்குள்ளே ஒன்றும், அதே இரு வாயில்களுக்கிடையே சுரங்கத்துக்கு வெளியே ஒன்றுமாக, இரு சோதனைகள் ஒரே வேளையில் நடத்தப்படல் வேண்டும். இரண்டும் சேர்ந்து மோசமானால் குற்றம் தெருவினுடையது. சேவை வழங்குவோரிடம் முறையிடலாம். வெளிச்சோதனை நன்றாயிருக்க, உட்சோதனை மட்டும் தளர்ந்தால், குற்றம் சுரங்கத்தினுடையது; தன் வீட்டுக் கருவியையே ஆராய்தல் வேண்டும். இந்த ஒப்பீடு இன்றி எழுகின்ற வழக்குகளில், இரு பகுதியாரும் மற்றவர்மீது பழிசுமத்தியே நாட்களைக் கழிப்பர்.

உட்சோதனை மட்டும் தளரும்போது ஐயுற வேண்டியவற்றுள் ஒன்று சாவி மாற்றம். பாதுகாப்பின் பொருட்டு இரு வாயில்களும் மறைகுறிச் சாவியைக் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொள்கின்றன. வயர்காட் முறையில் போக்குவரத்து இருக்கும்வரை ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஐபிசெக் முறையில் இதனை நடத்துவோரே காலத்தைத் தீர்மானிப்பர். தடங்கல் ஒவ்வொரு மணிக்கும் தவறாது வந்து ஓரிரு செக்கனில் மறையுமாயின், நெரிசலைத் தேடுவதை விடுத்துச் சாவியைப் பார்க்க வேண்டும். நெரிசலுக்குக் கடிகாரம் தெரியாது. வேறொன்று, பொதிகளின் வரிசை குலைதல். பழைய பொதியை எவரேனும் களவாகப் பிடித்து மீண்டும் அனுப்பி ஏமாற்றாதபடி, ஐபிசெக் வாயில் ஒவ்வொரு பொதியின் இலக்கத்தையும் சரிபார்க்கிறது. பெரும்பாலும் 64 இலக்கங்களுக்கு மேல் பிந்திவரும் பொதியை அது தள்ளிவிடும். குரற் பொதிகளை முன்னே விட்டு ஏனையவற்றை நிறுத்திவைக்கும் கருவி இடையில் இருப்பின், நேர்மையான பொதிகளும் பிந்திவந்து கள்வரெனத் தள்ளப்படும். பொதி தொலைந்ததாகவே வெளியே தோன்றும். வாயிலில் உள்ள எண்ணிக்கை ஏட்டைத் திறந்து பார்த்தவருக்கே உண்மை புலப்படும்.

தெருவே மாறிப்போவதும் உண்டு. 2008 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி எகிப்தின் அலெக்சாந்திரியாக் கரைக்கு அப்பால் கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, மத்திய கிழக்கிலும் தென்னாசியாவிலும் இணையப் போக்குவரத்துப் பெரிதும் பாதிக்கப்பட்டது. எஞ்சிய போக்குவரத்தின் ஒரு பகுதி உலகின் மறுபக்கத்தால் சுற்றிச் சென்றது. இத்தகைய வேளைகளில், சுற்றுவழி கிடைத்த சுரங்கம் அறுவதில்லை. பச்சை விளக்கும் அணைவதில்லை. போய்வரும் நேரம் மட்டும் பன்மடங்காகும். ஒரு விடைக்குக் காத்திராமல் 65,535 பைற்று வரையே அனுப்பவல்ல பழைய முறைக் கணினி, 200 மில்லிசெக்கன் தாமதத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 3,28,000 பைற்றுக்குமேல் பெறமாட்டாது. கம்பி எவ்வளவு அகலமானதாயினும் இதுவே கணக்கு. முந்தின மாதத்தில் அதே சுரங்கம் எவ்வாறிருந்தது என்ற ஏடு கையிலிருந்தாலன்றி, இன்றைய 200 மில்லிசெக்கன் நோயா இயல்பா என்று எவராலும் கூற இயலாது.

இத்தனை சோதனைகளிலும் ஒரு கடிதமேனும் பிரித்துப் படிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நேரம், பருமன், எண்ணிக்கை, வரிசை ஆகிய நான்குமே உறையின் மேலிருந்து கிடைப்பன. சுரங்கம் தளர்கிறது என்ற சாட்டில் மறைகுறியாக்கத்தையே நீக்கிப் பார்க்கக் கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பவரிடம், இந்நான்கையும் இரு வாயில்களிலும் அளந்தீரா என்று முதலில் வினவுதல் தகும்.