பால் போதவில்லை என்று முடிவு செய்யும் முன்

மகப்பேறு முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களும் அவர்களுடன் வரும் பெரியவர்களும் எங்களிடம் மிகுதியாகக் கேட்பது ஒரே கேள்விதான்: "குழந்தைக்குப் பால் போதுகிறதா?" லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், வீராணம் ஏரியை ஒட்டிய சிற்றூர்கள் என எங்கிருந்து வந்தாலும் இக்கேள்வி மாறுவதில்லை. கேட்பதில் தவறில்லை. விடை அறியும் முன்பே, ஓரிரவு குழந்தை விடாது அழுதது என்பதற்காகப் பால்மாவு டப்பாவைத் திறந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். அதன்பின் இணை உணவுடன் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மட்டுமே. தாய்மார்களுக்கு விருப்பம் இல்லாமை இதற்குக் காரணமன்று. தொடக்க நாள்களில் எழும் சிறு தடைகளைக் கடக்க உரிய துணை கிடைக்காததே பெரும்பாலும் காரணமாகிறது.

முதல் மூன்று நாள்கள்

முதலில் சுரப்பது மஞ்சள் நிறமுள்ள, கெட்டியான சீம்பால். ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டி அளவே வரும். "பாலே வரவில்லை" என்று வீட்டினர் அஞ்சுவது இந்த நாள்களில்தான். பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. அதற்கு இந்த அளவே போதுமானது. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. பால் நிறைந்து வருவது பெரும்பாலும் 3 அல்லது 4-ஆம் நாளில்தான். அறுவைச் சிகிச்சை மூலம் பெற்றவர்களுக்கு இது சற்றுத் தாமதமாகலாம். அவர்கள் ஒருக்களித்துப் படுத்த நிலையில் பாலூட்டினால் தையல் அழுந்தாது.

சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் ஆகியவை வேண்டாம். குறிப்பாக, ஒரு வயது நிறையும் வரை தேன் தரவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்க வல்லது. முதல் 6 மாதங்களில், கோடையிலும்கூட, தனியே தண்ணீர் தேவையில்லை.

பால் போதுகிறதா என்று அறிவது எப்படி?

அழுகையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மார்பின் அளவும், பீய்ச்சினால் வரும் பாலின் அளவும்கூடச் சரியான அளவுகோல்கள் அல்ல. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• 5-ஆம் நாளுக்குப் பின், 24 மணி நேரத்தில் 6 முறை அல்லது அதற்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும்.
• முதலில் கறுப்பாக இருந்த மலம் 5-ஆம் நாளளவில் மஞ்சளாக மாற வேண்டும்.
• பால் குடிக்கும்போது விழுங்கும் ஓசை கேட்க வேண்டும்.
• முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. 10 முதல் 14 நாள்களுக்குள் குழந்தை மீண்டும் பிறந்த எடையை எட்ட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை கூடும்.

இவை சரியாக இருப்பின், பால் போதுகிறது என்றே கொள்ளலாம்.

மாலை அழுகையும் முதல் புட்டியும்

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மாலையில் சில மணி நேரம் விட்டுவிட்டுத் தொடர்ந்து குடிக்கும், அழும், மீண்டும் மார்பைத் தேடும். இது பல குழந்தைகளிடம் காணும் இயல்பான வழக்கம்.

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள். தாய்ப்பாலும் அவ்வாறே. குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரு இயக்குநீர்கள் சுரக்கின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதை வெளியே செலுத்துகிறது. மாலையில் ஒரு புட்டி கொடுத்துவிட்டால் குழந்தை உறங்கிவிடும். அந்த வேளை மார்பில் சப்பாது. அடுத்த நாள் பால் சற்றுக் குறையும், புட்டி இரண்டாகும். சில வாரங்களில் உண்மையாகவே பால் போதாமற்போகும். புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால் இரவுப் பாலூட்டலைக் கைவிடாதீர்கள்.

காம்பு வலியும் வெடிப்பும்

தொடக்கத்தில் சிறிது கூச்சம் இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவு வலித்தால் குழந்தை சரியாகப் பற்றவில்லை என்று பொருள். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். வாயை அகலத் திறந்தபின், காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்லுமாறு மார்போடு அணையுங்கள். மோவாய் மார்பைத் தொட்டிருக்கும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும். வலித்தால் இழுத்துப் பறிக்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மீண்டும் தொடங்குங்கள். பாலூட்டி முடித்ததும் ஒரு துளிப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பினால் கழுவினால் வெடிப்பு கூடும்.

பால் கட்டிக்கொண்டால்

மார்பு கனத்து, இறுகி வலித்தால் பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். மேலும் பலமுறை குடிக்கச் செய்யுங்கள். குழந்தையால் பற்ற இயலவில்லையெனில், சிறிது பாலைக் கையால் பீய்ச்சிக் கருவட்டத்தை மென்மையாக்கியபின் கொடுங்கள். பாலூட்டிய பின் குளிர்ந்த துணி ஒத்தடம் வீக்கத்தைத் தணிக்கும்.

இந்நிலையில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. அதனால் வீக்கம் தணிவதோடு பால் சுரப்பதும் குறைந்துவிடும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வும் மல்லிகைப்பூ பால் சுரப்பைக் குறைப்பதைக் காட்டியது. பாலூட்ட விரும்பும் தாய் இதைச் செய்யலாகாது.

மார்பின் ஒரு பகுதி சிவந்து வலிப்பதோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் காணுங்கள். அப்போதும் அந்த மார்பின் பால் குழந்தைக்குத் தீங்கு செய்யாது.

தாயின் உணவு

பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது நன்றன்று. தாகத்துக்கேற்ப நீரும், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் உணவும் தேவை. பூண்டும் சுறாப்புட்டும் நல்ல உணவுகளே. எனினும் பாலைப் பெருக்குவது குழந்தை சப்புவதுதான். தாய்மார்கள் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் குறிப்பிடுவதை நம்மூரார் அறிவர். தன் உடல்நலன் அல்லது குழந்தையின் நலன் குறித்து அஞ்சும் தாய், ரமலான் நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கத்தில் சலுகையும் உண்டு. மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் கலந்து முடிவு செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவுதல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், மூச்சு வேகமாக வாங்குதல், வலிப்பு. இவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். தாய்க்கு இரு வாரங்களுக்கு மேல் துயரமும் உறக்கமின்மையும் நீடித்தாலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, அதுவும் மருத்துவம் தேவைப்படும் நிலையே.

வீட்டினருக்கு ஒரு சொல்

மிகுந்த இரத்தப்போக்கு, தைராய்டு குறைபாடு, மார்பில் முன்பு செய்த அறுவைச் சிகிச்சை போன்ற காரணங்களால் சில தாய்மார்களுக்கு உண்மையாகவே பால் குறைவாக இருக்கலாம். அது அவர்களின் குற்றமன்று. அப்போது மருத்துவர் அறிவுரைப்படி மாற்றுப்பால் தரலாம். புட்டிக்குப் பதிலாக, கொதிநீரில் தூய்மை செய்த பாலாடையில் புகட்டுங்கள். குழந்தைப் பால்மாவையும் புட்டிகளையும் விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே கடைக்காரரின் பரிந்துரையை மருத்துவ அறிவுரையாகக் கொள்ளாதீர்கள்.

"உனக்குப் பால் இல்லை" என்ற சொல் தாயின் நம்பிக்கையைத் தளர்த்தும். மனக்கலக்கம் ஆக்சிடோசின் சுரப்பையும் தடுக்கும். மாமியாரும் தாயாரும் வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் பணிபுரியும் கணவர்களே, தொலைபேசியில் முதலில் "நீ சாப்பிட்டாயா, உறங்கினாயா?" என்று கேளுங்கள். ஐயம் இருப்பின் டப்பாவைத் திறக்கும் முன் குழந்தையுடன் எங்களிடம் வாருங்கள். எடை பார்ப்போம், பாலூட்டும் முறையை அருகிலிருந்து கவனிப்போம். பல வேளைகளில் குழந்தையைச் சற்றுத் திருப்பிப் பிடிப்பதே போதுமானதாக இருக்கும்.