மாசிக் குளிரில் ஒரு பறவைக் கணக்கு

மும்பை நகரில் கடுங்குளிர் என்பது இல்லை. ஆயினும், பிப்ரவரி மாத விடியற்காலையில் தாதர் ரயில் நிலையத்தை அடுத்த பூச்சந்தையில் மூட்டைகள் இறங்கும் வேளையில், தோளில் துண்டு போர்த்திக்கொள்ளும் அளவிற்குக் குளிர் உண்டு. பறவைகளை நோக்குவோருக்கு இது மிக உகந்த காலம். வடக்கிலிருந்து வந்த குளிர்கால விருந்தினர் இன்னும் திரும்பவில்லை. உள்ளூர்ப் பறவைகளோ இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகின்றன. இரு பருவங்களையும் ஒரே காலையில் காணலாம்.

தாதரின் கிழக்குப் பகுதியிலிருந்து மாதுங்காவின் ஐந்து தோட்டங்களை நோக்கி நடப்போரின் செவியில், செம்பைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற 'டுக், டுக்' என்னும் ஒலி விழும். செம்மார்புக் குக்குறுவானின் குரல் அது. குருவியைவிடச் சற்றே பெரிய இப்பறவையின் உடல் பச்சை; நெற்றி சிவப்பு. பட்டுப்போன கிளையைக் குடைந்து இது கூடு அமைக்கிறது. ஆகையால், பட்ட கிளைகளை முற்றிலும் வெட்டி அகற்றிய தெருவில் இதற்கு இடமில்லை.

அங்கிருந்து வடக்கே தாராவியின் எல்லையில், மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள இவ்விடம் முன்னர் நகரத்தின் குப்பைமேடாக இருந்தது. மரங்கள் நட்டு வளர்க்கப்பட்ட பின், 1994ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அதன் மரங்களில் மாங்குயிலும் தேன்சிட்டும் காணப்படுகின்றன. ஆற்றோரத்து அலையாத்தி மரங்களின் அடியில், பின்னுடலை ஓயாது ஆட்டியவாறு உள்ளான் சேற்றைக் கிளறி இரை தேடுகிறது. இமயமலைப் பகுதியிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரிக்கும் பறவை இது.

இவ்வாறு கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. எண்ணிக் குறித்தலும் வேண்டும். அதன் பயனைப் பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறு உணர்த்தும். ஒரு காலத்தில் நாடெங்கும் மலிந்திருந்த வெண்முதுகுக் கழுகு, 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் குறைந்தது. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பரத்பூரில் முன்னரே எடுத்து வைத்திருந்த கணக்கு, இவ்வீழ்ச்சியை அளந்து காட்ட உதவியது. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைகுளோஃபெனாக் மருந்தே காரணமென்பது 2004இல் வெளியாயிற்று. கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. பழைய கணக்கு இல்லாதிருந்தால், குறைவு எவ்வளவு என்பதை எவரும் உறுதியாகக் கூறியிருக்க இயலாது.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கு பெறுகிறது. பள்ளி, கல்லூரி வளாகங்களும் இதில் சேரலாம். முறை எளிது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எண்ணிக்கையுடன் எழுத வேண்டும். இடமும் நேரமும் குறிக்கப்பட வேண்டும். ஐயமுள்ளதை ஊகித்து எழுதுதல் கூடாது.

'காக்கைதானே' என்று எதனையும் விட்டுவிடுதலும் கூடாது. கழுகையும் ஒரு காலத்தில் மக்கள் அவ்வாறே கருதியிருந்தனர். பள்ளியின் வேப்பமரத்தடியில் மாணவர் இவ்வாண்டு எழுதும் பட்டியல், பத்தாண்டு கழித்து வருபவருக்கு ஓர் அளவுகோலாகும்.